பனிமலையிலிருந்து சேதுக்கரைக்கு

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில் இமயத்துத் திருக்கோயில்களின் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. தீபாவளியை அடுத்து வரும் யமத் துவிதியை அன்று கேதாரநாதர் பல்லக்கில் எழுந்தருளி ஊக்கிமடத்துக்கு இறங்கிவிடுகிறார். சில நாட்கள் கழித்துப் பத்ரிநாத்திலும் நடை சாத்தப்படுகிறது. மாணா கிராமத்துப் பெண்கள் நெய்து தரும் கம்பளத்தை நெய்யில் தோய்த்து மூலவருக்குப் போர்த்துகின்றனர். உத்தவரும் குபேரரும் பாண்டுகேஸ்வரத்துக்கு எழுந்தருள, ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமடத்து நரசிம்மர் ஆலயத்தை அடைகிறது. பனிக்காலத்து வழிபாடெல்லாம் அங்கேதான். குளிருக்கு அஞ்சி மலையிறங்குவது கோழைத்தனம் என்று இளைஞர் சிலர் பேசுவதுண்டு. இறைவனே இறங்கி வரும்போது மனிதன் இறங்குவதில் என்ன இழுக்கு இருக்கிறது?

நான்கு தாமங்களில் வடக்கே உள்ளது பத்ரி; தெற்கே உள்ளது ராமேஸ்வரம். பனியால் அது மூடப்படும் மாதங்களில் இது யாத்திரிகர் கூட்டத்தால் நிறைகிறது. அந்நாளில் வடநாட்டிலிருந்து நடந்தே வந்தவர்களுக்காகச் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய அரசர்களும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்தனர். ஒரு பகல் நடந்தால் அடுத்த சத்திரம், அங்கே உணவும் உறக்கமும் என்பதே பழைய யாத்திரையின் திட்டம். இன்றோ ராமேஸ்வரத்து ரத வீதிகளை ஒட்டிய வாகன நிறுத்தங்களில் டெல்லி, உத்தராகண்ட் பதிவு எண்களுடன் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. அவற்றுள் சில சென்னை திருவொற்றியூரில் பிறந்த என்ஃபீல்டு வண்டிகளாக இருப்பது ஒரு வேடிக்கை. தாய்வீட்டுக்கு வந்தவை என்று சொல்லலாம்.

இப்படி வருகிறவர்களில் வடக்கே வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. தந்தையை இழந்த பிள்ளை ஒருவன் ரிஷிகேசத்திலிருந்து தொலைபேசியில், "அம்மா, இங்கே பனி தாங்க முடியவில்லை, வண்டியிலேயே புறப்பட்டு வருகிறேன். தை அமாவாசைக்குள் அக்னி தீர்த்தத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிடுவேன்" என்று சொல்வதாகக் கொள்ளலாம். கேட்கும் தாய்க்கு ஒரு பக்கம் நிறைவு. மறுபக்கம் வயிற்றில் நெருப்பு. வேண்டாம் என்று தடுப்பதைவிட அவனுடைய கணக்கைக் கேட்பதே நல்லது.

கணக்கு கடினமானதல்ல. ரிஷிகேசத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 3,000 கி.மீ. நாளொன்றுக்கு 600 கி.மீ. என்று காகிதத்தில் எழுதினால் ஐந்தே நாட்கள். ஆனால் மார்கழி, தை மாதங்களில் கங்கைச் சமவெளியில் மூடுபனி காலை ஒன்பது, பத்து மணிவரை விலகுவதில்லை. மாலையிலோ விரைவில் இருட்டிவிடும். பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் லாரி, பத்தடி தூரத்தில் வந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுவது என்று உறுதி கொண்டால் 300 கி.மீ.தான் நேர்மையான அளவு. ஆக, பத்து நாட்கள். உடம்புக்கும் வண்டிக்கும் ஓய்வாக இரண்டு நாட்கள் சேர்த்தால் பன்னிரண்டு. அத்தனை நாள் விடுப்பு இல்லாதவர்கள் வண்டியை ரயிலில் பார்சலாக மதுரைக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து ஓட்டி வரலாம். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, பதிவுச் சான்றின் நகலுடன் பார்சல் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதனால் புண்ணியம் ஒன்றும் குறைந்துவிடாது.

முழுவதும் சாலை வழியே வருவோருக்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒரு தீர்த்த யாத்திரையாகவே அமைந்துவிடுகிறது. ஆக்ராவில் யமுனையைக் கடந்தபின் நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை, காவிரி என்று நதிகள் வரிசையாக எதிர்ப்படுகின்றன. மதுரையில் அந்தச் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ.

பனியிலிருந்து தப்பியவர் மழையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து ஒன்று உண்டு. வடநாட்டவர் பலர் இதை எண்ணுவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இக்கரையில் வடகிழக்குப் பருவமழை. புயல்களின் காலமும் அதுவே. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களுடன் கடலில் மூழ்கியது. வீடணருக்கு முடிசூட்டிய இடம் எனப் போற்றப்படும் கோதண்டராமர் கோயில் மட்டும் நிலைத்து நின்றது. ஆகவே பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால், மதுரையிலேயே தங்கி மீனாட்சியம்மனை இன்னொரு முறை தரிசிப்பதே உத்தமம். உத்தரகோசமங்கையில் மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் சந்தனக்காப்பு களையப்பெறும் மரகத நடராஜரைத் தரிசிக்க விரும்புவோர் மழையைப் பொறுத்துத்தான் ஆகவேண்டும். மற்றவர்களுக்குத் தை பிறந்த பிறகு மகா சிவராத்திரி வரையிலான நாட்களே ஏற்றவை.

ராமநாதபுரத்தில் ஓரிரவு தங்குவது நல்லது. திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்லில் சயனித்திருக்கும் ராமபிரானையும், சேதுக்கரையையும், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தையும் அங்கிருந்து ஒரே பகலில் தரிசிக்கலாம். 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். கடற்காற்று பக்கவாட்டில் மோதுவதால், இருபுறமும் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் தள்ளாடும். புகைப்படத்துக்காகப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்துவோரைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ராமேஸ்வரத்தைத் தாண்டினால் பெட்ரோல் கிடைக்காது. 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருந்தாலும், காற்று வாரி இறைத்த மணலில் சக்கரம் வழுக்கும். அங்கே கடலில் இறங்கலாகாது. நீராட அக்னி தீர்த்தம் இருக்கிறது. அதன்பின் ஆலயத்தினுள் 22 தீர்த்தங்கள். ஈர உடையுடன் மூலவர் சந்நிதிக்குச் செல்ல முடியாதாகையால், பெட்டியில் எது இல்லாவிட்டாலும் உலர்ந்த வேட்டி ஒன்று இருக்கட்டும்.

இனி அந்த அமாவாசைக் கணக்கு. வழியில் வண்டி பழுதாகி இரண்டு நாட்கள் போய்விட்டால், இழந்த தூரத்தை இரவில் ஓட்டி ஈடுகட்டத் தோன்றும். யாத்திரை விபரீதத்தில் முடிவது பெரும்பாலும் அந்த இரவுகளில்தான். ராமேஸ்வரத்துத் தலபுராணத்தை அறிந்தவனுக்கு அந்த அவசரம் தேவையில்லை. பனிமலையிலிருந்து இக்கரைக்கு முதலில் வந்தவர் அனுமனே. கயிலாயத்திலிருந்து லிங்கம் கொண்டுவரச் சென்றவர் குறித்த முகூர்த்தத்துக்குத் திரும்பவில்லை. சீதாபிராட்டி மணலால் பிடித்த லிங்கத்தை ராமபிரான் பிரதிஷ்டை செய்துவிட்டார். பிந்தி வந்து மனம் வருந்திய அனுமனை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. அவர் கொணர்ந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை என்று ராமபிரான் ஆணையிட்டார். இன்றும் அப்படியே நடக்கிறது. பித்ரு காரியத்திலும், தீர்த்தத்தை அடைந்த நாளே தீர்த்த சிராத்தத்துக்கு உரிய நாள். அதற்குத் திதி பார்ப்பதில்லை. "அமாவாசை போனால் போகட்டும், நீ பகலிலேயே ஓட்டி வா" என்று தாய் தயங்காமல் சொல்லலாம்.

திரும்பும்போது உப்புக் காற்று பட்ட வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். சேது மணலைத் துணியில் முடிந்து எடுத்துச் சென்று பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து ராமநாதருக்குக் கங்கை நீர் கொண்டுவருவது தொன்றுதொட்ட வழக்கம். பத்ரியின் நடை திறக்கும் நாளை நரேந்திரநகர் அரண்மனையில் வசந்த பஞ்சமி அன்று அறிவிக்கிறார்கள். அது தை அமாவாசைக்கு ஐந்து நாட்கள் கழித்து வருவது. சற்றுப் பிந்தி வந்து சேர்ந்த பிள்ளைக்கு, அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும்போதே அந்தச் செய்தி கிடைக்கக்கூடும்.