பூச்சாடித் தண்ணீர்



வசந்த காலமென்று தனியாக ஒரு பருவம் நம் மாத்தளைக்குக் கிடையாது. ஆனாலும் மார்ச் பிறந்துவிட்டால் வேலியோரத்துக் கிளிரிசிடியா இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கிறது. பிற்பகல் இடிமழை தொடங்கியதும் வீட்டு முற்றத்தில் ரோஜாவும் ஜெர்பராவும் தலைகாட்டுகின்றன. அவற்றில் நாலைந்தைப் பறித்து வரவேற்பறையில் வைத்தால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடும். இதற்குக் காசு பணம் வேண்டியதில்லை. காலியான ஜாம் போத்தலே போதும்.

சுபஹுக்குப் பின் வெயில் ஏறுமுன் பறியுங்கள். காம்பைச் சரிவாக வெட்டி உடனே தண்ணீரில் விடுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகினால் பூவும் சீக்கிரம் வாடும். ஒரு கரண்டி சீனியும் சில துளி தேசிக்காய்ச் சாறும் சேர்த்தால் நல்லது. பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு பூக்களை வாடச் செய்யும். செவ்வரத்தை ஒரு நாள் அழகு. அந்தூரியமோ இரண்டு வாரமும் நிற்கும்.

அந்த இரண்டு வாரத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. 2017இல் நம் நாட்டில் 1,86,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்டது. அந்த வருடம் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. பரிசோதிக்க வந்தவர்கள் முற்றமெல்லாம் தேடினார்கள். சிரட்டையில்லை, டயரில்லை. கடைசியில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தது கூடத்து மேசையிலிருந்த பூச்சாடியில்! பிள்ளை சுகமாகி வீடு திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தாய் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டேன்.

டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுச் சுத்தமான தண்ணீரே அதற்குப் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சாடியின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் இரு முறையாவது சாடியின் உட்புறத்தைத் தும்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மணி பிளாண்ட் போத்தலுக்கும் இதுவே சட்டம்.

தண்ணீரைத் தினமும் மாற்றினால் பூவும் அதிக நாள் நிற்கும், பிள்ளைகளும் பத்திரமாக இருப்பார்கள். பழைய தண்ணீரை ரோஜாச் செடியின் அடியில் ஊற்றிவிடுங்கள். ஒரு சொட்டும் வீணாகாது.