மலைக்கும் கண்மாய்க்கும் நடுவே கூமாப்பட்டி

விருதுநகர் மாவட்டத்தின் வடமேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு சமவெளியில் வந்து முடியுமிடத்தில், வத்திராயிருப்பு வட்டத்தைச் சேர்ந்த கூமாப்பட்டி என்னும் ஊர் அமைந்துள்ளது. இராஜபாளையத்திலிருந்து வருபவர் திருவில்லிபுத்தூரைக் கடந்து மதுரைச் சாலையில் கிருஷ்ணன்கோயில் வரை சென்று, அங்கே நெடுஞ்சாலையை விட்டு வடமேற்காகப் பிரியும் சாலையில் வத்திராயிருப்பை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்பினால் இவ்வூர் வரும். அதற்கும் மேற்கே பிளவக்கல் அணைகளும், அணைகளுக்கு அப்பால் காடும் மட்டுமே உள்ளன. காட்டைத் தாண்டிக் கேரளத்துக்கு இறங்கும் சாலை எதுவும் இங்கில்லை. ஊரின் வழியே வேறெங்கும் போக முடியாது என்பதால், இவ்வூருக்கென்றே வருபவர் தவிர வேறெவரும் இங்கு வருவதில்லை. அதன் அமைதிக்கு முதற்காரணம் இதுவே.

விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை 1927-இல் திறக்கப்பட்டபோது அது சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தெற்கே சென்றதால், வத்திராயிருப்புப் பக்கத்து ஊர்கள் அதற்கு வெகு தொலைவில் நின்றுவிட்டன. இராஜபாளையம் பருத்தி ஆலைகளாலும் மருத்துவக் கட்டுத்துணி நெசவாலும் வளர்ந்தது. மழையை நம்ப முடியாத சிவகாசி தீப்பெட்டியையும் பட்டாசையும் அச்சுத்தொழிலையும் கைக்கொண்டது. திருவில்லிபுத்தூருக்கு ஆண்டாள் கோயிலும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் பெயர் வாங்கித் தந்தன. கூமாப்பட்டிக்கும் அதன் அண்டை ஊர்களுக்கும் அத்தகைய தொழிலோ பெயரோ வாய்க்கவில்லை. அவை நெல்லையும் தென்னையையும் விடாமல் பற்றி நின்றன. உருசியாவின் வடபகுதிக் காடுகளில் ஒனேகா ஆற்றங்கரையிலுள்ள கார்கோபோல் என்னும் சிறுநகரத்தின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே: ஒரு காலத்தில் உப்பு வணிகத்தில் செழித்த அந்நகரை, ஆர்க்காங்கெல்ஸ்க் செல்லும் இருப்புப்பாதை எட்ட விலகிச் சென்றமையால், பழைய தேவாலயங்களும் மரவீடுகளும் களிமண் பொம்மைக் கலையும் அங்கே பெருநகரச் சந்தடியின்றி நிலைத்தன. ஆயினும் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வடக்கின் காட்டூர்களில் நீருக்குக் குறைவில்லை. கூமாப்பட்டியிலோ ஊரின் வாழ்வு முழுவதும் நீரைத் தேக்கிவைக்கும் திறமையிலேயே தங்கியுள்ளது.

மலையின் மேற்குப்புறம் தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் நனைந்துகொண்டிருக்கையில், கிழக்குப்புறம் மழை மறைவுப் பகுதியாக, அதாவது மழைமேகங்கள் மலைக்கு அப்பாலேயே பொழிந்து தீர்ந்துவிடுவதால் வறண்டிருக்கும் நிலமாக, அமைந்துள்ளது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையே இங்குப் பெருமழை. அம்மழை மலையில் பெய்து ஓடைகளாக இறங்கி, பெரியாறு, கோவிலாறு எனும் இரு காட்டாறுகளாக வந்து, சில நாள்களுக்குள் ஓடி மறைந்துவிடும் இயல்புடையது. கேரளத்துப் பெரியாற்றுக்கும் இப்பெரியாற்றுக்கும் தொடர்பில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வெளியூரார் பலர் குழம்புவதுண்டு. இவ்விரு ஆறுகளின் குறுக்கே 1970-களில் கட்டப்பட்டவையே பிளவக்கல் அணைகள். பெரியாறு அணையின் உயரம் சுமார் 47 அடி, அதன் கொள்ளளவு 192 மில்லியன் கன அடி. கோவிலாறு அணையின் உயரம் சுமார் 42 அடி, அதன் கொள்ளளவு 133 மில்லியன் கன அடி. இரண்டையும் கூட்டினாலும் மேட்டூர் அணையின் கொள்ளளவில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான் தேறும். இவ்வளவு சிறிய தேக்கம் ஒரு வட்டாரத்தின் வேளாண்மையைத் தாங்குகிறதென்றால், அணையைக் காட்டிலும் பழமையான கண்மாய்களின் வரிசையே அதற்குக் காரணம்.

கண்மாய் என்பது சரிவான நிலத்தில் மூன்று பக்கம் மண்கரை எழுப்பி, மேடான நான்காம் பக்கத்திலிருந்து வரும் நீரைத் தேக்கும் ஏரியாகும். கரையின் அடியில் வயலுக்கு நீர் விடும் வாய் மடை எனப்படும். கண்மாய் நிரம்பியபின் மிகுநீர் கரையை உடைக்காமல் வழிந்து வெளியேறுவதற்கென அமைத்த கல் தடுப்பு கலுங்கு எனப்படும். கலுங்கைத் தாண்டி நீர் வழிவதை இப்பகுதியார் மறுகால் பாய்கிறது என்பர். மேலே உள்ள கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழே உள்ள கண்மாய்க்கு நீர் வரும். அது நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அதற்கடுத்த கண்மாய்க்கு. இவ்வாறு மலையடிவாரம் முதல் சமவெளி வரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோக்கப்பட்ட கண்மாய்களைக் கடந்து எஞ்சும் நீர் அர்ச்சுனா நதியில் சேர்ந்து, பின்னர் வைப்பாற்றில் கலக்கிறது. கூமாப்பட்டியார் இந்த வரிசையின் தலைமாட்டில் இருப்பவர்கள். அணை திறந்தவுடன் அவர்கள் நிலத்துக்கு முதலில் நீர் கிடைக்கிறது. அதே காரணத்தால், வரிசையின் கடைசியில் உள்ள, கடைமடைக்காரர் என்று சொல்லப்படும் உழவர்களின் கண்ணும் இவர்கள் மேலேயே இருக்கும். நீர்ப்பங்கீட்டு வழக்கு எழாத ஆண்டு இத்தகைய பாசனத்தில் அரிது. அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பது இவ்வட்டாரத்துத் தேநீர்க் கடைகளில் நாளிதழைப் பிரித்தவுடன் பார்க்கப்படும் செய்தி.

மறுகால் பாயும் கலுங்கின் அருகே நின்று பார்ப்பவருக்கு இந்த அமைப்பின் நுட்பம் எளிதில் விளங்கும். கற்பாளங்களின்மேல் விரலளவு கனத்தில் செம்மண் கலங்கிய நீர் ஒரே சீராக வழிகிறது. நீரோட்டத்தை எதிர்த்து ஏற முயலும் சிறுமீன்களைப் பிடிக்கக் கொக்கும் நாரையும் கல்லோரத்தில் நிற்கின்றன. நீரின் கனம் கூடக்கூட, கரையில் நிற்கும் பெரியவர்கள் அடுத்த கண்மாய் நிரம்ப எத்தனை நாளாகும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அக்கணக்கில் பிழை குறைவு. எந்த அளவுகோலுமின்றிக் கல்லில் நீர் தொடும் இடத்தைக்கொண்டே சொல்லப்படும் அந்த மதிப்பீடு, தலைமுறைகளின் பழக்கத்தால் வந்த அறிவு; அதை எழுதிவைப்பார் இல்லாமல் இருப்பது பெருங்குறை.

நீருக்கு அடுத்து இவ்வூரின் தோற்றத்தை முடிவு செய்வது தென்னை. வயல்கள் முடிந்து நிலம் மேடேறும் இடத்திலிருந்து காட்டின் எல்லை வரை தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் தொடர்கின்றன. தோப்பை உடையவரே காய் வெட்டி விற்பதும் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு தொகை எனப் பேசிக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. வெட்டிய காய்கள் தோப்பின் நடுவே குவிக்கப்பட்டு, நிலத்தில் நட்ட கூரிய கம்பியில் ஒவ்வொன்றாகக் குத்தித் திருகி உரிக்கப்படுகின்றன. பழகிய உரிப்பாளர் ஒரு காயை இரண்டு மூன்று திருகலில் மட்டை நீக்கி எறிந்துவிட்டு, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த காயைக் கையிலெடுப்பார். உரித்த காய் ஒருபுறமும் மட்டை ஒருபுறமும் மலைபோல் உயர, மாலையில் லாரி வந்து நிற்கும்.

தோப்புகளுக்கு மேற்கே தொடங்கும் காடு, 1988-ஆம் ஆண்டு சாம்பல் நிற மலை அணிலுக்கென வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 485 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இவ்வணில், வீட்டு முற்றத்தில் ஓடும் மூவரி அணிலைப்போல் பலமடங்கு பெரியது. நரைத்த மயிரடர்ந்த நீண்ட வாலையுடையது. அது தரையில் இறங்குவதை இயன்றவரை தவிர்த்து, ஒரு மரத்தின் கிளையிலிருந்து அடுத்த மரத்தின் கிளைக்குத் தாவியே வாழ்கிறது. தன் கூட்டைச் சுள்ளியும் இலையும் கொண்டு உருண்டையாகக் கட்டுகையில், பக்கத்து மரங்களின் கிளைகள் வந்து தொடும் உச்சியையே தேர்ந்துகொள்ளும். பருந்தோ பாம்போ நெருங்கினால் தப்பியோட ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வேண்டும் என்பதே அதன் காரணம். அச்சம் நேரும்போது கிளையோடு கிளையாகப் படுத்து அசையாமல் கிடக்கும். ஆகவே ஓடைக்கரையில் வரிசையாக நிற்கும் மருதமும் புளியும் மாவும் இடையில் ஒன்றிரண்டு வெட்டப்பட்டால்கூட, அணிலின் பாதை அறுந்துபோகிறது. காட்டுக்கு வெளியே உள்ள பழைய மாந்தோப்புகளும் புளியந்தோப்புகளும் இவ்வணிலுக்கு உணவும் வழியும் தருவன என்பதால், தோப்புக்காரர் ஒருவர் மரத்தை வெட்டாமல் விடுவதும் காட்டைக் காப்பதன் ஒரு பகுதியே.

இந்தச் சரணாலயமும் வடக்கேயுள்ள மேகமலைக் காடும் இணைக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்புடைய இது தமிழ்நாட்டின் ஐந்தாவது, இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகமாகும். மேற்கே கேரளத்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு தொடர்வதால், யானைக்கும் புலிக்கும் இங்கு மாநில எல்லை தெரியாது. உயரமான பாறைச் சரிவுகளில் மாநில விலங்கான வரையாடும் உண்டு.

ஆனால் காட்டை ஒட்டி வாழ்வதன் விலையைக் கொடுப்பவர்கள் அடிவாரத்து உழவர்களே. தென்னங்குருத்தின் இனிப்புச் சுவையறிந்த யானை, பல ஆண்டுகள் வளர்த்த மரத்தை ஓர் இரவில் சாய்த்துவிட்டுப் போகிறது. காட்டுப்பன்றி நெல்லையும் கிழங்கையும் கிளறுகிறது. யானை தாண்டாதபடி வெட்டிய அகழி மழையில் தூர்ந்துபோகிறது. சூரிய மின்வேலி பராமரிப்பின்றி நின்றுபோகிறது. பகலெல்லாம் உழைத்தவர் இரவில் தோப்புக் குடிசையில் விழித்திருந்து, டார்ச்சு விளக்கும் வெடியுமாகக் காவல் காக்கிறார். வெளியூரார் இவ்வூரில் காணும் இரவின் அமைதி, உள்ளூரார் பலருக்கு உறங்க முடியாத இரவு. சேதத்துக்கான இழப்பீடு விரைவாகவும் மரத்தின் மதிப்புக்கு ஏற்பவும் கிடைக்கும்போதுதான் காப்பகத்துக்கு ஊரின் மனமார்ந்த துணை கிடைக்கும் என்பதில் ஐயமில்லை.

இக்காட்டின் முதற்குடிகள் பளியர். தேன் எடுத்தும், காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்ந்தும், நன்னாரி, கல்பாசி முதலியவற்றைச் சேகரித்தும் வாழ்ந்துவந்த இப்பழங்குடியினரின் குடியிருப்புகள் இன்று தாணிப்பாறை, அத்திகோயில், செண்பகத்தோப்பு முதலிய அடிவார இடங்களில் உள்ளன. 1960-களில் தென்தமிழக மலைகளில் பளியரிடையே தங்கி ஆய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், ஒருவரையொருவர் அதிகாரம் செய்யாமையும் போட்டியையும் சண்டையையும் விலக்கி ஒதுங்கிப்போதலும் அவர்களுடைய வாழ்வின் அடிப்படை நெறிகள் என விரிவாக எழுதியுள்ளார். சண்டையிட மறுக்கும் மக்கள் தங்கள் உரிமைக்காகக் குரலுயர்த்துவதும் அரிதாகையால், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தரும் உரிமைகளை அவர்கள் கேட்டுவரும் வரை காத்திராமல், அவர்களைத் தேடிச்சென்று வழங்குவதே முறை.

வத்திராயிருப்பு வழியே திரளாக வருபவர்கள் சதுரகிரி மலைக்கோயில்களுக்குச் செல்லும் பக்தர்கள். சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் கோயில்கள் மதுரை மாவட்ட எல்லைக்குள் மலைமேல் இருந்தாலும், ஏறுபவர்களில் மிகுதியானோர் தாணிப்பாறை வழியாகவே ஏறுகின்றனர். ஆடி அமாவாசையன்று இப்பகுதிச் சாலைகள் நிரம்பி வழியும். 2015 மே மாதத்தில் மலையில் திடீரெனப் பெருகிய ஓடைவெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கான கட்டுப்பாடுகள் இறுகின. மழை அடிவாரத்தில் பெய்யாதபோதும் மேலே பெய்திருக்கலாம், ஓடை சில நிமிடங்களில் பெருகலாம் என்பது அடிவாரத்தார் அனைவரும் அறிந்த பாடம். சமவெளியிலிருந்து வருபவர் அறியாதது.

2025 ஜூன் மாதம் ஊர் இளைஞர் ஒருவர் இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட காணொளிகளால் கூமாப்பட்டியின் பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது. தனித்தீவு போன்ற ஊர் என்றும், நீந்தித் திளைக்க ஏற்ற இடம் என்றும் சொன்ன அவற்றைப் பார்த்தவர்கள் வாகனங்களில் வந்திறங்கினர். வந்த பின்னரே அணையில் குளிக்க அனுமதி இல்லை என்பதை அறிந்தனர். தன் ஊரைப் பெருமிதத்தோடு காட்டிய அந்த ஆர்வத்தில் குற்றமில்லை. வருவாய் குறைந்த ஊருக்கு வருகையாளர் வருவது நன்மையே. அணையை ஒட்டிய பூங்காவைச் சீராக்க வேண்டும் என்ற பழைய கோரிக்கைக்கும் அதனால் வலு கிடைத்தது. எனினும், இவ்வூரைப் பொழுதுபோக்கு இடமாக மட்டும் கருதுவது அதைக் காணாமலே திரும்புவதாகும். தேங்கிய நீர் பாசனத்துக்கும் குடிநீருக்கும் உரியது. தோப்பு ஒருவரின் முதலீடு. காடு சட்டப்படி காக்கப்படும் புலிகள் காப்பகம். அவற்றை அவற்றின் தொழிலோடு சேர்த்துப் பார்ப்பவருக்கே ஊர் விளங்கும்.

வர விரும்புவோர்க்குக் கார்த்திகை, மார்கழி மாதங்களே ஏற்றவை: கண்மாய்கள் நிறைந்து, நடவு வயல்கள் பசுமை கொண்டு, மலையில் மேகம் தாழ்ந்திருக்கும் காலம் அது. திருவில்லிபுத்தூரில் தங்கி, பேருந்தில் வத்திராயிருப்பு வந்து, கண்மாய்க் கரை வழியே நடந்து பார்ப்பது காரில் அணை வரை விரைந்து திரும்புவதைவிட நூறு மடங்கு மேல். அணை நீரிலும் காட்டோடையிலும் இறங்கலாகாது. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழையலாகாது. கொண்டுவந்த பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் மடையை அடைக்கும் என்பதால் அவற்றைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். வயலிலோ தோப்பிலோ இறங்கிப் படமெடுக்க விரும்புபவர், அதற்குரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவாராக.