சூசையப்பரின் மெழுகுவர்த்தி

கிறிஸ்துமஸ் குடில்களில் வைக்கப்படும், இயேசுவின் தாய் மரியாளின் கணவரான சூசையப்பரின் உருவங்கள் பலவற்றின் கையில் ஒரு விளக்கு இருக்கும். இயேசுவின் பிறப்பைச் சொல்லும் மத்தேயு, லூக்கா ஆகியோரின் நற்செய்திகளில் அந்த விளக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. குழந்தையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தியதையும், இடையர்கள் இரவில் கிடைகாத்திருந்ததையும் லூக்கா சொல்கிறார். தொழுவத்திற்குள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை.

கீழைத் திருச்சபையினர் மரப்பலகைகளில் தீட்டி வழிபட்டுவந்த பைசாந்தியத் திருவுருவப் படங்களில், மரியாள் பிள்ளை பெற்ற அயர்வோடு படுக்கையில் சாய்ந்திருப்பார். சூசையப்பரோ கன்னத்தில் கையூன்றியபடி ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்த இந்த அமைப்பை மேற்கு ஐரோப்பாவில் புரட்டிப்போட்டது ஒரு மூதாட்டியின் திருக்காட்சி, அதாவது வேண்டுதலின்போது அவர் மனக்கண்ணில் விரிந்த நிகழ்வு. எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவரும் கைம்பெண்ணுமான சுவீடன் நாட்டுப் பிர்கித்தா, 1372இல், எழுபதை நெருங்கிய வயதில், பெத்லகேமுக்குத் திருப்பயணம் சென்றார். அங்கே அவர் கண்ட காட்சியில், சூசையப்பர் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் பொருத்திவிட்டு, பேறுகாலத்தில் உடனிருக்கலாகாது என்று வெளியே போய்விடுகிறார். மரியாள் மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருக்கையிலேயே குழந்தை பிறந்துவிடுகிறது. தரையில் கிடக்கும் அதன் உடலிலிருந்து எழுந்த பேரொளியில் அந்த மெழுகுவர்த்தியின் ஒளி இருந்த இடம் தெரியாமல் போகிறது. பிள்ளைப்பேற்றைப் பலமுறை அறிந்த ஒரு தாய், கணவன் விளக்கை வைத்துவிட்டு வெளியேறுவதைக் கூட விடாமல் பார்த்திருப்பதே இந்தக் காட்சிக்கு உயிர் தருகிறது.

ஓவியர்கள் இதை அப்படியே படியெடுக்கவில்லை. பிரான்சின் திஜோன் நகர அருங்காட்சியகத்தில் உள்ள, 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராபர்ட் காம்பின் தீட்டிய ஓவியத்தில், சுவரில் இருக்க வேண்டிய மெழுகுவர்த்தி சூசையப்பரின் கைக்கு வந்துவிட்டது. வெளியே போக வேண்டியவர் உள்ளேயே நிற்கிறார். பின்னணியில் மலைகளுக்கு மேல் கதிரவன் எழுந்துவிட்டது, முன்னே குழந்தை ஒளிர்கிறது. ஆயினும் அந்தக் கிழவர் சுடர் அணைந்துவிடாதபடி அதைக் கையால் மறைத்துக் காக்கிறார். சுடரைப் பொத்திய அந்தக் கை பிர்கித்தாவின் காட்சியில் இல்லாதது, ஓவியம் சேர்த்தது. தம் விளக்கு இனித் தேவைப்படாது என்று தெரிந்தும் அதைக் காப்பவரின் கடமையுணர்வை இவ்வளவு எளிதாகக் காட்டிய இன்னொரு சைகை கிறிஸ்துமஸ் ஓவியங்களில் அரிது. ரோஜியர் வான் டெர் வெய்டனும் அதே நூற்றாண்டில் அதே மெழுகுவர்த்தியைத் தீட்டினார். 1490ஐ ஒட்டி ஹேர்ட்கன் தோட் சிண்ட் யான்ஸ் வரைந்த, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள சிறிய இரவுக் காட்சியில், தொழுவத்தின் வெளிச்சம் முழுவதையும் குழந்தையே தருகிறது. வாழ்த்து அட்டைகளில் பரவிய ஒளிரும் தொட்டில் இந்த மரபில் வந்ததே. ஒளியைத் தீட்டுவதில் ஹேர்ட்கனின் ஓவியம் பெரிய வெற்றிதான். ஆனால் மனித முயற்சிக்கும் அந்த ஒளிக்கும் உள்ள தொலைவைக் காட்ட காம்பினின் மெழுகுவர்த்தியே தேவைப்பட்டது.

மூலையில் உட்கார்ந்திருந்த இந்த மனிதரைக் காப்பியத் தலைவராகவே உயர்த்திய பெருமை தமிழுக்கு உண்டு. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி, சூசையப்பரை வளன் என்ற பெயரில் பாட்டுடைத் தலைவராக்கி, மூன்று காண்டங்களில் 3,615 பாடல்களாக விரிகிறது. அதற்கு அடிப்படையாக அமைந்ததும் ஒரு பெண்ணின் திருக்காட்சி நூலே: ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆக்ரெதா மரியா 17ஆம் நூற்றாண்டில் எழுதியது. நற்செய்திகளில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பரை, ஓவியர்களும் புலவரும் பெண்கள் கண்ட காட்சிகளின் வழியாகவே நெருங்கியிருக்கிறார்கள்.