உப்பு போகாது, தண்ணிதான் போகும்

கொம்பனித்தெருவில் எமது அலுவலகம் ஒரு பழைய வரிசை வீட்டின் முன்னறையில் இயங்குகிறது. யன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் தகரக் கூரைகள், மறுபக்கம் வானளாவிய மாடிக் கட்டடங்கள். எம்மிடம் வரும் பெண்களிற் பலர் இந்தக் கூரைகளின் கீழிருந்து புறப்பட்டு அந்த மாடிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

அவர்களில் ஒருவர் நிலாவெளியைச் சேர்ந்த ஓர் அக்கா. 2006 ஆம் ஆண்டு கடலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்த பின்னர் சிறு பிள்ளையோடு கொழும்புக்கு வந்தவர். சென்ற வருடம் மூன்று மாதங்களாக அவர் என்னிடம் வந்து கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நான் அவருடைய இழப்பைப் பற்றியே கேட்டேன். அவர் சுருக்கமாகப் பதில் சொல்வார். நான் அதைக் கோப்பில் எழுதிக் கொள்வேன். அவர் என்ன வேலை செய்கிறார் என்ற இடத்தில் "வீட்டு வேலை" என்று இரண்டு சொற்கள் மாத்திரமே இருந்தன.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நாள் அவர் அழுது கொண்டு வந்தார். "மிஸ், எனக்கு அரைச் சம்பளத்தைப் பிடிச்சுப் போட்டினம். மகளின்ர வகுப்புக் காசு கட்டேல்லை" என்றார்.

காரணம் ஒரு மீன் தொட்டி. வீட்டுக்காரரின் மகன் ஆசையோடு அமைத்த கடல்நீர்த் தொட்டி அது. அதில் மென்மையான முருகைகளும், பொத்தான்களைப் போலக் கூட்டமாக வளரும் உயிர்களும் இருந்தன. மகன் மேற்படிப்புக்கு வெளிநாடு போன பிறகு தொட்டி அக்காவின் பொறுப்பில் வந்தது. சில வாரங்களில் முருகைகள் சுருங்கி வெளுத்தன. கற்களில் எங்கும் பழுப்பு நிறத்தில் மெல்லிய விரல்கள் கொண்ட பூக்கள் முளைத்தன. சுரண்டி எடுக்கச் சொன்னார்கள். அக்கா கத்தியால் சுரண்டினார். பத்தாக இருந்தவை ஐம்பதாகின.

"நான்தான் கெடுத்தன் எண்டு சொல்லினம். நாளைக்குக் கல்லை வெளியில எடுத்து, கொதிதண்ணி ஊத்திக் கழுவச் சொன்னவ."

எனக்குச் சமூகவியல் தெரியும். கடல் தெரியாது. அக்கா தன் தொலைபேசியில் எடுத்திருந்த படங்களோடு நாங்கள் இருவரும் ஒரு கடல்மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதானவர். படத்தைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதைத்தான்: "எக்காரணம் கொண்டும் கொதிநீர் ஊற்ற வேண்டாம்."

அந்தப் பொத்தான் போன்ற உயிர்களில் சில வகைகளில் பலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 1971 இல் ஹவாய் ஆய்வாளர்கள் இதனைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தார்கள். இவை ஒட்டியிருக்கும் கல்லைக் கொதிக்க வைத்தாலோ, கொதிநீர் ஊற்றித் தேய்த்தாலோ நீராவியோடும் தெறிக்கும் துளிகளோடும் நஞ்சு மூச்சில் கலக்கும். வெளிநாடுகளில் இவ்வாறு முழுக் குடும்பமே காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக வைத்தியசாலைக்குப் போன சம்பவங்கள் உண்டு. கையில் காயம் இருந்தால் தொடுவதும் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். அக்காவின் விரல்களைப் பார்த்தேன். சுரண்டியபோது கத்தி கீறிய தடங்கள் இருந்தன. கோப்பில் நான் எழுதாமல் விட்டது எவ்வளவு என்று அப்போது விளங்கியது.

அந்தப் பழுப்புப் பூக்கள் அயிப்டேசியா என்னும் கடற்சாமந்தி. கல்லோடு ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்துவிடும். அருகிலுள்ள முருகைகளைக் கொட்டிக் காயப்படுத்தும். வெட்டினால் அதன் அடிப்பாகத்தின் சிறு துண்டிலிருந்தும் புதிதாக ஒன்று வளரும். ஆகவே பெருகியது அக்காவின் கவனக்குறைவினால் அல்ல, அவருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையினால்.

அப்படியென்றால் முருகைகள் ஏன் வெளுத்தன? மறுநாள் கடைக்காரர் தந்த உவர்மானியோடு அந்த வீட்டுக்குப் போனோம். கடல்நீரின் ஒப்படர்த்தி அண்ணளவாக 1.025 இருக்க வேண்டும். தொட்டியில் 1.032 காட்டியது. நீரின் வெப்பம் 31 பாகை. கோடை வெயிலில் பகல் முழுவதும் அறையின் குளிரூட்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"தண்ணி குறைஞ்சால் என்ன ஊத்துவீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"உப்புத்தண்ணி கரைச்சு ஊத்தச் சொல்லித்தான் தம்பி எழுதி வைச்சிட்டுப் போனவர். எனக்கு அப்பவே மனசுக்குச் சரியாப் படேல்லை. நான் நிலாவெளி உப்பளத்தில வேலை செய்தனான். வெயிலுக்கு உப்பு போகாது மிஸ், தண்ணிதான் போகும். திரும்பத் திரும்ப உப்புத்தண்ணி விட்டால் பாத்தியிலதான் உப்பு விளையும்."

"அதை ஏன் நீங்கள் அப்போதே சொல்லவில்லை?"

"ஆர் என்னைக் கேட்டது?"

வீட்டு அம்மா பேசாமல் நின்றார். நானும் பேசாமல் நின்றேன். அந்தக் கேள்வி எனக்கும் உரியது.

முருகை என்பது கல்லைப் போலத் தோன்றினாலும் ஓர் உயிர். அதன் உடலுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து அதற்கு உணவு தருகின்றன. சூடோ உப்போ அளவுக்கு மிஞ்சினால் முருகை அவற்றை வெளியேற்றிவிடும். அதுதான் வெளுப்பு. 1998 ஆம் ஆண்டு கடல் சூடேறியபோது ஹிக்கடுவையில் நடந்ததும் இதுவே. வெளுத்தது செத்ததாகிவிடாது. நிலைமை சீரானால் சில திரும்பித் தேறும். பட்டினி நீண்டால் இறக்கும்.

பரிகாரம் எளிமையானது, ஆனால் ஆறுதலாகச் செய்ய வேண்டியது. தொட்டி நீரில் சிறிது சிறிதாக எடுத்து, அந்த அளவுக்குச் சுத்திகரித்த நன்னீர் விட்டு, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்து உப்பைக் குறைத்தோம். ஒரே நாளில் குறைத்தால் அந்த அதிர்ச்சியே கொல்லும். நீர்மட்டத்தில் ஒரு நாடாவை ஒட்டி, குறைகிற அளவுக்கு நாளாந்தம் நன்னீர் மாத்திரம் விடும்படி ஏற்பாடு. நீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி சிறிய மின்விசிறி ஒன்று. மூன்று வேளை அள்ளிப் போட்ட மீன் உணவு ஒரு வேளையாகியது. மிச்ச உணவில்தான் கடற்சாமந்தி கொழுக்கிறது.

கடற்சாமந்திக்கு மருந்து சுண்ணாம்பு. நிறமும் வாசனையும் கலக்காத வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடிப்பாகக் குழைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, நீரோட்டத்தை நிறுத்திவிட்டு அதன் வாயின் மேல் மெதுவாக வைக்க வேண்டும். கால் மணி நேரம் பொறுத்து நீரோட்டத்தைத் திறக்கலாம். ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் கூடாது. கூடினால் நீரின் காரத்தன்மை ஏறிவிடும். சில வகை இறால்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் இவற்றைத் தின்னும் என்றாலும், அம்மீன்கள் முருகையையும் கொத்தக் கூடும்.

சுண்ணாம்பைக் குழைத்துக் கொண்டே அக்கா சொன்னார்: "முந்தி முருகைக்கல்லைச் சுட்டுத்தானே மிஸ் சுண்ணாம்பு எடுத்தது." உண்மைதான். எமது கரையோரச் சூளைகள் எத்தனையோ பாறைகளைத் தின்றன. 1988 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தோடுதான் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது தடை செய்யப்பட்டது. இன்று கல்முருகைகளைக் கடலிலிருந்து எடுப்பதும் குற்றம். அக்காவின் ஊருக்கு எதிரேயுள்ள புறாமலை 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே கணவரோடு தோணியில் போன கதையை அன்றுதான் அவர் எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை.

தொட்டியில் இரண்டு முருகைகள் செத்துவிட்டன. ஒன்று ஆறாவது வாரத்தில் மீண்டும் மண்ணிறமாகியது. கடற்சாமந்திகள் முற்றாக ஒழியவில்லை, ஆனால் எண்ணக் கூடிய அளவில் நிற்கின்றன. பிடித்த சம்பளத்தை வீட்டு அம்மா இரண்டு தவணைகளில் கொடுத்தார். மகளின் வகுப்புக் காசு பிந்தித்தான் கட்டப்பட்டது. தொட்டி வேலை எவை எவை, அதற்கு மேலதிகமாக எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டார்கள்.

சகோதரிகளே, உங்களிற் பலர் இன்னொருவர் வீட்டில் இன்னொருவர் சொற்படி வேலை செய்கிறீர்கள். கையுறையில்லாமல் தொட வேண்டாம், பெயர் தெரியாத பொருளில் சுடுநீரோ அமிலமோ ஊற்ற வேண்டாம். உங்கள் அனுபவத்துக்கு ஒன்று பிழையாகப் பட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமென்றால் எம்மிடம் வந்து சொல்லுங்கள்.

அக்காவின் கோப்பில் "வீட்டு வேலை" என்றிருந்த இடத்தைத் திருத்திவிட்டேன். "உப்பளத் தொழிலாளி, கடல் அறிந்தவர், தற்போது வீட்டுப் பணி" என்று எழுதியிருக்கிறேன். இப்போது புதிதாக வருகிற எவரிடமும் நான் முதலில் கேட்பது, "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்பதைத்தான்.