கண்ணடிச்சா பென்ஷன்

நவம்பர் வந்தாலே எங்க பேங்க்ல பெரியவங்க கூட்டம்தான். மத்திய அரசு பென்ஷன் வாங்குறவங்க வருஷா வருஷம் 'உயிரோட இருக்கேன்'னு சான்று கொடுக்கணும். 80 தாண்டினவங்க அக்டோபர் 1-லேர்ந்தே கொடுக்கலாம். 2014-ல ஜீவன் பிரமாண் வந்ததும் கைரேகை போதும்னு ஆச்சு. வயசானா ரேகையே தேஞ்சுடுதே! அதுக்கும் 2021-ல வழி வந்துச்சு. செல்போன் கேமராவுக்கு முகம் காட்டி, கண் சிமிட்டினா போதும்.

எங்கப்பாவுக்கு 84. தபால் துறையில இருந்தவர். மதுரையில ரெண்டு பேரும் தனியா இருக்க முடியாம, மூணு வருஷமா மைசூர்ல எங்களோட இருக்காங்க. அம்மாவுக்கு மறதி நோய். சில நாள் என்னைத் தன் தம்பின்னே நினைச்சுக்குவாங்க.

"ஏண்டா, இப்பதான் அக்கா ஞாபகம் வந்துச்சா?"

நான் உங்க பையன்மான்னு திருத்தினா கலங்கிடுவாங்க. "என்னக்கா பண்றது, பஸ் போர்டெல்லாம் கன்னடத்துல இருக்கே"ன்னா சிரிச்சுடுவாங்க. பெத்தவங்களை ஊரைவிட்டுக் கூட்டிட்டு வந்தவங்களுக்கு இது புரியும். எங்க வீட்டுல ஒரே சட்டம்: அவங்க சிரிச்சாத்தான் நாங்க சிரிக்கணும்.

சில நாள் அப்பாவையே "இவர் யாரு?"ம்பாங்க. அன்னிக்கு அவர் சரியாச் சாப்பிட மாட்டார்.

போன நவம்பர்ல வீட்டுலயே போனை நீட்டி, "கண்ணைச் சிமிட்டுங்கப்பா"ன்னேன். சிமிட்டினார். பக்கத்துல அம்மா, "ஏங்க, இந்த வயசுல யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க?"ன்னாங்க.

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சதுல படம் சரியா விழலை. "பாருடா, சிரிச்சா உயிர் இல்லேன்னு ஆயிடுது"ன்னார். கண்ணு மட்டும் ஈரமா இருந்துச்சு.