கல்லறைக்குப் போகலாமா?



நவம்பர் 1ஆம் தேதி பெங்களூரில் நம் எல்லாருக்கும் விடுமுறை. கன்னடம் பேசும் பகுதிகள் 1956ஆம் ஆண்டு ஒரே மாநிலமாக இணைந்ததை நினைவுகூரும் ராஜ்யோத்சவ நாள் அது. கத்தோலிக்கருக்கோ அதே நாள் சகல பரிசுத்தவான்களின் திருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள். அன்று ஓசூர் ரோட்டிலும் கல்பள்ளியிலும் உள்ள கல்லறைத் தோட்டங்களுக்குத் தமிழ்க் குடும்பங்கள் பூமாலையும் மெழுகுவர்த்தியுமாய்ச் செல்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி என்னிடம் வந்தார்கள். "ஐயா, என் அம்மா கத்தோலிக்கராகவே மரித்தார்கள். நான் இரட்சிக்கப்பட்ட பிறகு கல்லறைக்குப் போவதில்லை. அதனால் அண்ணன் ஏழு வருஷமாய் என்னோடு பேசுவதில்லை. நான் போகலாமா?" என்று கேட்டார்கள். உங்களில் அநேகருக்கும் இக்கேள்வி இருக்கும்.

இந்நாட்களின் வரலாறு பழமையானது. நவம்பர் 1ஐ எங்கும் ஆசரிக்கும்படி 9ஆம் நூற்றாண்டில் போப் நான்காம் கிரகோரி ஊக்குவித்தார். குளூனி மடத்தின் தலைவரான ஓடிலோ, 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், மரித்தோருக்காக ஜெபிக்க மறுநாளைத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். உத்தரிக்கிற ஸ்தலத்திலுள்ள ஆத்துமாக்களுக்கு நம் ஜெபம் உதவும் என்பது அவர்கள் விசுவாசம். 1517 அக்டோபர் 31ஆம் தேதி, சரியாக இத்திருநாளின் முந்தின நாளில், மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டுகளை எதிர்த்துத் தம் 95 கருத்துகளை வெளியிட்டார். மரித்தோரின் வேதனையைப் பணத்தால் குறைக்கலாம் என்ற போதனையே அவரை எழும்பச் செய்தது. கிறிஸ்துவின் இரத்தம் போதுமானது என்று நம்புகிற நாம் மரித்தோருக்காக ஜெபிப்பதில்லை. பவுலோ, உயிரோடிருந்த விசுவாசிகளையே பரிசுத்தவான்கள் என்று அழைத்தார்.

ஆனால் பிரியமானவர்களே, ஜெபிக்காமல் இருப்பது வேறு, மறந்துபோவது வேறு. ஆபிரகாம் சாராளுக்காகப் புலம்பி அழுதான். அந்நிய தேசத்தில் பரதேசியாயிருந்த அவன், 400 சேக்கல் வெள்ளி கொடுத்து மக்பேலா நிலத்தை வாங்கி அவளை அடக்கம் செய்தான் (ஆதியாகமம் 23). வாக்குத்தத்த தேசத்தில் அவன் விலைகொடுத்து வாங்கியதாக நாம் முதலில் வாசிப்பது ஒரு கல்லறை நிலத்தையே! எகிப்தில் மரித்த யோசேப்பின் எலும்புகளை மோசே சுமந்துகொண்டு புறப்பட்டான். அவை சீகேமில் அடக்கம் பண்ணப்பட்டன. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் நம் ஆண்டவர் கண்ணீர் விட்டார். கல்லறையண்டையில் அழுவது அவிசுவாசம் அல்ல.

ஆகவே அச்சகோதரியிடம், "போங்கள் அம்மா. புல்லைப் பிடுங்குங்கள், கல்லைக் கழுவுங்கள், பூ வையுங்கள். உங்களைப் பெற்று வளர்த்த தாய்க்காகத் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது அமைதியாய் நில்லுங்கள். அண்ணனோடு வாதம் பண்ண வேண்டாம்" என்றேன். அப்படியே செய்தார்கள். அண்ணன் நம் சபைக்கு வந்துவிடவில்லை. ஆனால் அன்று மாலை தங்கை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு இன்னொரு காரியமும் உண்டு. என் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் நித்திரையாயிருக்கிறார். இங்கே பிறந்த பிள்ளைகள் அக்கல்லறையை அதிகம் பார்த்ததில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? இந்த விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகில் உட்கார வையுங்கள். தாத்தா பாட்டியின் பெயர்களையும், அவர்கள் பட்ட பாடுகளையும், ஜெபித்த ஜெபங்களையும் சொல்லுங்கள். வேதாகமத்தின் முன்பக்கத்தில் அவர்கள் பிறந்த தேதியையும் மரித்த தேதியையும் எழுதிவையுங்கள். மேகம்போன்ற சாட்சிகள் நம்மைச் சூழ்ந்திருப்பதாக எபிரெயர் நிருபம் கூறுகிறது. அவர்களின் பெயரே தெரியாவிட்டால், நம் பிள்ளைகள் அந்தச் சாட்சியை எப்படி அறிவார்கள்?

நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல் நாம் துக்கிக்க வேண்டியதில்லை. ஆனால் துக்கிக்கவே கூடாது என்று அப்போஸ்தலன் சொல்லவில்லை. எக்காளம் தொனிக்கும் நாளில் ஓசூர் ரோட்டுக் கல்லறைகளும் நம் கிராமத்துக் கல்லறைகளும் ஒரே சத்தத்தைக் கேட்கும். அதுவரை அன்போடு நினைவுகூருவோம். ஆமென்.