தடைகள் தளரும் வரிசை

வருங்காலம் அறியச் சோதிடரை நாடுவோர் நம்மவரில் பலர். நடந்த கணக்கைக் கூர்ந்து நோக்கின் நடக்கவிருப்பதும் ஓரளவு புலனாகும் என்பது, தோட்டக் கிராணியாய் ஏடெழுதும் நமது துணிபு. கேளிக்கைப் பூங்காக்களையே சான்றாகக் கொள்வோம்.

கொரோனாக் கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் பூங்காக்கள் அடைபட்டன. ஜூலையில், முகக்கவசம், உடல்வெப்பச் சோதனை, இடைவெளி, முன்பதிவு என்னும் கட்டளைகளோடு திறந்தன. இவற்றுள் முதலில் நீங்கியது எது? வெப்பச் சோதனையும் திறந்தவெளி முகக்கவசமும் 2021 மேயில் அகன்றன. ஜூனில் தடுப்பூசி போட்டோர்க்குக் கட்டடத்துள்ளும் முகக்கவசம் தளர்ந்தது. நோய் பெருகவே ஜூலை 30இல் மீண்டும் கட்டாயமாயிற்று. வேடமிட்ட கதைமாந்தரைக் குழந்தைகள் கட்டித் தழுவுதல் 2022 ஏப்ரலிலேதான் திரும்பிற்று. முன்பதிவோ, நாள் குறித்த சீட்டுகளுக்கு 2024 ஜனவரியில்தான் நீங்கிற்று!

இதனால் அறிவது யாது? வருவோர்க்கு எரிச்சலூட்டுவது விரைந்து தளரும்; நோய் ஏறின் திரும்பவும் வரும். உடல் தீண்டுவது தாமதிக்கும். கூட்டத்தை முன்னறிய உரிமையாளர்க்கு உதவுவது கடைசியிலேயே போகும். இன்னொரு கொள்ளைநோய் வரினும் இவ்வரிசையே பெரிதும் நிலவுமென்பது நமது கணிப்பு.

ஆயின், திறந்த கதவு எல்லோர்க்கும் திறந்ததோ? புளோரிடாவில் வாயில் திறந்த பின்னரே, 2020 செப்டம்பரில், அமெரிக்காவில் 28,000 தொழிலாளரை நீக்குவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 1930களில் ரப்பர் விலை வீழ்ந்தபோது கப்பலேற்றி அனுப்பப்பட்ட தோட்டமக்களின் வழிவந்த நமக்கு இது புதிதன்று. எத்தடை எப்போது நீங்கும் எனக் கணிப்போர், எத்தொழிலாளி எப்போது வேலைக்குத் திரும்புவார் என்பதையும் கேட்டல் வேண்டும்.